ஒரு நூல் சாய்வு

சின்னவள் போனில் அழைத்தபோது பெரியவள் குளியலறைக் கதவிடுக்கில் கறுப்புத் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஃபிலிம் கழுவ அவளுக்கு இருந்த இருட்டறை அதுதான். அவள் உள்ளே போனால் இரண்டு மணி நேரம் வீட்டில் யாருக்கும் அவசரம் வரக்கூடாது என்று அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"அக்கா, நூலகம் முடிஞ்சிருச்சு. போட்டிக்கு மாசக் கடைசிக்குள்ள மூணு படம் அனுப்பணும். நீங்கதான் எடுக்கணும். வேற யாரையும் நான் கேக்கப் போறதில்ல."

"எடுத்துட்டா போச்சு. இதுக்கென்னம்மா," என்றாள் பெரியவள். குரலில் சர்க்கரை வழிந்தது. வயிறு எரிந்தது.

அந்தக் குடும்பத்தின் மூத்த மகனைக் கட்டியவள் பெரியவள், இளைய மகனைக் கட்டியவள் சின்னவள். ஓரகத்திகள். பெரியவளுக்குத் தொழில் கட்டிடங்களைப் படமெடுப்பது. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். சின்னவள் ஆர்க்கிடெக்ட். அவள் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம்கூட நிறையவில்லை. கல்யாணம் பேசி முடித்த அன்று மாமனார், "ஒருத்தி கட்டுவா, இன்னொருத்தி படம் பிடிப்பா. வெளிய ஆளே தேட வேண்டாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். மாமனாருக்கு அவள் தொழில் என்னவென்று தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் தொல்லையே இல்லை. வாய்த்துடுக்கோ தலைக்கனமோ இருந்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவளோ வந்த மூன்றாம் மாதமே மாமனாரின் மருந்துச் சீட்டை மனப்பாடமாக வைத்திருந்தாள். கொழுந்தன் ஒருநாளும் கழுவியறியாத தட்டை அவனே கழுவும்படி செய்திருந்தாள். அவள் கட்டிய முதல் வீட்டைப் படமெடுத்தது பெரியவள்தான். படம் ஒரு மாத இதழில் முழுப்பக்கத்துக்கு வந்தது. ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போல, எடுத்தவள் பெயரும் வந்திருந்தது. மாமனார் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். பெரியவள் கிட்டே போய்ப் பார்த்தபோது ஓரத்தைக் காணோம்.

"சட்டத்துக்குள்ள அடங்கலம்மா. கொஞ்சம் கத்தரிச்சுட்டேன்," என்றார் அவர்.

அதில் ஒரு துளி வஞ்சம் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். வஞ்சமில்லாத கத்தரிக்கோலிடம் என்ன சண்டை போடுவது?

நூலகம் ஒரு தெருமுனையில் நின்றது. ஆறு மாடி. கீழே செங்கல்லும் மேலே கண்ணாடியுமாக, உச்சியில் இருந்த படிப்பறை மட்டும் தெருப்பக்கம் ஆறடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தவர் போல. முதல் நாள் பெரியவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். எங்கே நின்றால் எது தெரியும், வெயில் எந்நேரம் எந்தச் சுவரில் விழும் என்று குறித்துக்கொண்டாள். எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். அவருடைய நோயாளிகள் காத்திருக்கும் அறையில் பெரிய ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் நூலகத்தின் பாதி உயரம் கண்ணுக்கு நேரே வந்தது, கட்டிடம் அடக்கமாக நின்றது.

"தாராளமா வந்து எடுங்க," என்றார் பல் மருத்துவர். "ஜன்னலுக்குக் கட்டணம் கிடையாது. பல்லுக்குத்தான்."

"ரெண்டு நாள்ல வரேன் டாக்டர்."

அவள் போகவில்லை.

படமெடுக்கும் நாள் காலையில் சின்னவள் ஒரு ஃபிளாஸ்க் காப்பியோடு வந்து நின்றாள். காவலாளி அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கண்ணாடி துடைக்கிறவர் ஏணியிலிருந்து இறங்கிவந்து, எந்த ஜன்னலை இன்னொரு முறை துடைக்கட்டும் என்று அவளிடம் கேட்டார். பெரியவள் ஸ்டாண்டின் கால்களை விரித்தாள், தெருவில், கட்டிடத்துக்கு ரொம்பக் கிட்டே.

"இங்கிருந்தா அக்கா? எதிர் மாடி ஜன்னல்னு சொன்னீங்களே?"

"தெருவுல நடக்கறவன் இங்கிருந்துதானே பாக்கறான்?"

"அதுவும் சரிதான்," என்றாள் சின்னவள். உடனே நம்பிவிட்டாள். அவள் இப்படி நம்புவது பெரியவளுக்கு எரிச்சலாக இருந்தது.

உயரமான கட்டிடத்தைச் சாதாரணக் கேமராவில் எடுக்க அண்ணாந்து பிடிக்க வேண்டும். அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டிடம் மல்லாந்து விழப்போவது போல வரும். பெரியவளின் கேமரா வேறு ஜாதி. லென்ஸைத் தாங்க முன்பலகை ஒன்று, படம் விழும் மங்கல் கண்ணாடியைத் தாங்கப் பின்பலகை ஒன்று, நடுவே துருத்தி. பின்பலகையை ரசமட்டம் வைத்து நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டு, முன்பலகையை மட்டும் மேலே ஏற்றினால் போதும். கேமரா தலை நிமிராமலேயே கட்டிடத்தின் உச்சி படத்துக்குள் வந்துவிடும். சுவர்கள் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தது போல நேராக நிற்கும்.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொழிலுக்கு வந்த ஏழாம் வருடம், ஒரு ஹோட்டல் முதலாளி அவள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நேராத்தான் இருக்கு. ஆனா என் ஹோட்டல் ஏம்மா தலை வீங்கின மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கீழே நின்று பார்க்கிற மனிதக் கண், உயரம் போகப்போகக் கொஞ்சம் ஒடுங்கும் என்று எதிர்பார்க்கிறது. துளிகூட ஒடுங்காவிட்டால் மேல்பாகம் அகன்று, தலையில் விழப்போவதாகத் தோன்றும். கிட்டே நின்று அகன்ற லென்ஸில் எடுத்தால் இன்னும் மோசம். அன்றிலிருந்து பெரியவள் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டு, கடைசியில் ஒரு நூல் அளவு சாய்வை மட்டும் மிச்சம் வைப்பாள். அது எந்தப் புத்தகக் கணக்கிலும் வராது. அவள் படத்தில் கட்டிடம் மூச்சு விடுகிறது என்று ஜனங்கள் சொன்னது அந்த ஒரு நூலைத்தான்.

அவள் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். மங்கல் கண்ணாடியில் நூலகம் தலைகீழாகத் தொங்கியது. தலைகீழாகப் பார்க்கும்போது எது யாருடையது என்பது மறந்துபோகும். வெறும் கோடும் வெளிச்சமும்தான் இருக்கும். அப்படிப் பார்த்தும் அது அழகாக இருந்தது. செங்கல் எந்த இடத்தில் முடிய வேண்டுமோ அங்கே முடிந்தது. படிப்பறையின் அடிப்பக்கம் வெயிலை வாங்கித் தெருவுக்குத் திருப்பிக் கொடுத்தது. பதினெட்டு வருடத்தில் அவள் எடுத்த முந்நூறு கட்டிடங்களில் இது முதல் ஐந்துக்குள் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டிடம் சுமாராக இருந்திருந்தால் அவள் அதற்கு உயிரைக் கொடுத்திருப்பாள். குறையை மறைத்து, நல்ல பக்கத்தைத் திருப்பிக்காட்டி, அதன் பெருமையில் பாதியைத் தனதாக்கிக்கொண்டிருப்பாள். இதற்கு அவள் உதவி எதுவும் தேவையாக இல்லை.

"எப்படித் தெரியுது அக்கா?" துணிக்கு வெளியே குரல்.

"நல்லாத் தெரியுது."

அகன்ற லென்ஸை மாட்டினாள். முன்பலகையை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். அது இதற்குமேல் போகாது என்று முட்டி நிற்கும் வரைக்கும், கண்ணாடியின் மூலைகள் கறுக்கத் தொடங்கும் இடம் வரைக்கும் ஏற்றினாள். படிப்பறையின் அடிப்பக்கம் பெரிதாகப் புடைத்துக்கொண்டு வந்தது. கூரையின் மூலை கத்திமுனை போல நீண்டது. ரசமட்டத்தைப் பார்த்தாள், குமிழி நட்டநடுவில் நின்றது. கண்ணாடியில் கீறியிருந்த கட்டங்களோடு சுவர்களை ஒப்பிட்டாள், மயிரிழை பிசகவில்லை. அந்த ஒரு நூலுக்காகக் கை பழக்கத்தில் தானாகத் திருகாணிக்குப் போனது. அவள் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

யார் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் நியாயம் அவள் பக்கம். தப்பாக எடுத்தால்தானே பிடிபடுவதற்கு? அவள் தேவைக்கு மேல் சரியாக எடுத்தாள்.

ஷட்டரை அழுத்தினாள். உள்ளே எடுக்க வேண்டிய இரண்டு படங்களைப் பழுதில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் காப்பியை ஊற்றி நீட்டினாள். பெரியவள் அதையும் குடித்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சின்னவள் பிரிண்ட்டுகளைப் பார்க்க வந்தாள். உள்ளே எடுத்த இரண்டையும் பார்த்து முகம் மலர்ந்தாள். மூன்றாவதை எடுத்து மேசையில் வைத்தாள். எழுந்து ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி கிட்டே வந்தாள்.

"நேரா இருக்கு அக்கா," என்றாள்.

"ஏன், வேற எப்படி இருக்கணும்?"

"இல்ல, சரியாத்தான் இருக்கு." அவள் படிப்பறையின் மேல் விரலை வைத்தாள். "இது இவ்வளவு பெருசாவா இருக்கு?"

"கேமரா இல்லாததைக் காட்டாதும்மா."

சின்னவள் தலையாட்டினாள். மூன்றையும் உறையில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கி, பிறகு திருத்திக்கொண்டாள். பெரியவள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை, காப்பி குடித்தபடி கணவன் சொன்னான்: "தம்பி போன் பண்ணான். சின்னவளுக்குச் சரியா தூக்கமே இல்லையாம். போட்டிக்கு அனுப்பப் போறதில்லன்னு சொல்லிட்டாளாம்."

"ஏனாம்?"

"கட்டிடம் தப்பாப் போச்சாம். மேல்மாடி தலைக்கனமா இருக்காம். நேர்ல பாத்தப்ப அவளுக்குத் தெரியலையாம், உன் படத்துல பாத்ததும்தான் தெரிஞ்சுதாம். அக்கா கண்ணு பொய் சொல்லாதுன்னு சொல்லி அழுதாளாம்."

பெரியவள் தம்ளரைக் கழுவப் போனாள். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். தெளிவான, குளிர்ந்த சந்தோஷம். அன்று முழுவதும் சாப்பாடு ருசித்தது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. யாரிடமோ பேசிச் சிரித்தாள். மறுநாள் மத்தியானம்வரை அது தாங்கியது.

அதற்குப் பிறகு அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டது: அக்கா கண்ணு பொய் சொல்லாது. பதினெட்டு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதைச் சொன்னது சின்னவள். அதுவும் இந்தப் படத்தைப் பார்த்து.

அவள் சின்னவளின் அலுவலகத்துக்குப் போனாள். ஒரு அச்சகத்தின் மேல், ஒரே அறை. சுவர் முழுக்க வரைபடங்கள். மேசைமேல் அடுத்த வேலையின் மாதிரி இருந்தது, அட்டையில் செய்த ஒரு பள்ளிக்கூடம். அதன் முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றைக் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. துண்டு குப்பைக்கூடையில் கிடந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"படிக்கட்டு வெளிய வர்ற மாதிரி வச்சிருந்தேன்," என்றாள் சின்னவள். கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்திருந்தது. "எனக்கு வெளிய நீட்டினா அளவு தெரியல போல இருக்கு அக்கா. இனிமே எல்லாத்தையும் சுவரோட சுவரா வச்சிடலாம்னு பாக்கறேன். யாருக்கும் தொந்தரவு இல்ல."

உண்மை பெரியவளின் வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "ஞாயித்துக்கிழமை காலைல வேலை இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஏன்?"

"வா. ஸ்டாண்டு தூக்க ஆள் வேணும்."

பல் மருத்துவர் விடுமுறை நாளிலும் வந்து கதவைத் திறந்துவிட்டார். "ரெண்டு நாள்னு சொன்னீங்க, ஒரு மாசம் ஆகப்போகுது. என் நோயாளிங்களே தேவலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். பெரியவள் நாற்காலிகளை ஒதுக்கி, ஜன்னலோரம் ஸ்டாண்டை நிறுத்தினாள். நீளமான லென்ஸை மாட்டினாள். பாதி உயரத்தில் நின்றதால் முன்பலகையை இரண்டு விரற்கடை ஏற்றியதே போதுமானதாக இருந்தது. எல்லாவற்றையும் மட்டம் பார்த்து முடித்துவிட்டு, கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள வந்து பாரு."

"நானா?"

"வேற யாரு? தலைகீழாத்தான் தெரியும். பயப்படாதே."

சின்னவள் துணிக்குள் போனாள். "இங்கிருந்து நல்லா இருக்கே அக்கா," என்றாள் பிறகு, நம்ப முடியாதவள் போல. "ஆனா இன்னும் மேல கொஞ்சம்..."

"கண்ணை எடுக்காதே. பாத்துக்கிட்டே இரு."

பெரியவள் துணிக்கு வெளியே நின்று, திருகாணியைத் தளர்த்தி, கேமராவை ஒரே ஒரு நூல் மேல்நோக்கிச் சாய்த்தாள். கடிகார முள் நகர்வது போல அவ்வளவு சன்னமாக. துணிக்குள்ளிருந்து ஒரு மூச்சு கேட்டது.

"இப்ப சரியா இருக்கு," என்றாள் சின்னவள். "என்ன பண்ணீங்க? இப்பத்தான் நான் வரைஞ்ச மாதிரி இருக்கு."

"ஒரு நூல் சாய்ச்சேன். எப்பவும் சாய்ப்பேன்."

துணி அசையவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு மோட்டார் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் அடங்கும்வரை சின்னவள் உள்ளேயே இருந்தாள். பிறகு தலையை வெளியே எடுத்தாள். முடி கலைந்திருந்தது. அதைச் சரிசெய்யவில்லை.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அன்னிக்கு?"

"அன்னிக்குச் சாய்க்கல."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். அந்தக் கேள்வியிலேயே அவள் அந்த வழியைத் திறந்து வைத்திருந்தாள். பெரியவள் ஸ்டாண்டின் பிடியைப் பார்த்தபடி சொன்னாள்: "மறக்கல. இந்த ஜன்னலையும் மறக்கல. வேணும்னுதான்."

சின்னவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பல் பிடுங்க வந்து, தன் முறைக்காகக் காத்திருப்பவள் போல இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உங்களை என்ன செஞ்சேன் அக்கா?"

"ஒண்ணும் செய்யல."

"அப்ப ஏன்? கோபம்னா திட்டியிருக்கலாமே."

"திட்டறதுக்குக் காரணம் வேணுமே. நீ ஒண்ணுகூடக் குடுக்கல." பெரியவள் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "துணிக்குள்ள போய் உன் கட்டிடத்தைப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. என்னால தாங்க முடியல. அவ்வளவுதான்."

"காரணம் இல்லாம என்னைத் திட்ட முடியல. காரணம் இல்லாம ரெண்டு வாரம் தூங்கவிடாம பண்ண முடிஞ்சுதா?"

சின்னவள் எழுந்து ஜன்னலுக்குப் போய், எதிரே நின்ற தன் கட்டிடத்தைக் கொஞ்ச நேரம் வெறுங்கண்ணால் பார்த்தாள். திரும்பாமலேயே சொன்னாள்:

"படத்தை எடுங்க. வெளிச்சம் போயிடும்."

பெரியவள் எடுத்தாள்.

நூலகத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது அந்தப் படம் கைமாறிக் கைமாறிப் போனது. பள்ளிக்கூடத்து மாதிரியில் படிக்கட்டு மறுபடி வெளியே வந்துவிட்டதாகக் கொழுந்தன் சொன்னான். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தப் படத்தை முதல்லயே எடுத்திருக்கலாமே, எதுக்கு ரெண்டு தடவை?" என்று கேட்டார்.

சின்னவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "முதல் தடவை வெளிச்சம் சரியில்ல மாமா. அக்காதான் விடாம இன்னொரு தடவை போகலாம்னு சொன்னாங்க," என்றாள்.

முதல் தடவை படமெடுத்தபோது இருந்தது போல ஒரு வெளிச்சம் வருடத்துக்கு நாலு நாள்கூட வாய்க்காது. அது இருவருக்குமே தெரியும். தன் கணவனிடமும் சின்னவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை என்பது கொழுந்தன் வழக்கம்போலக் கேலி பேசியதிலிருந்தே புரிந்தது. பெரியவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, கூடவே பழைய எரிச்சலும் வந்தது. திறமை சின்னவளுடையது, பரிசு அவளுடையது, மாமனாரின் கூடத்துச் சுவர் அவளுடையது. இப்போது பெருந்தன்மையும் அவள் கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டவளுக்கு மிச்சம் ஏதாவது உண்டா என்றால், ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் முடிந்தபோது பெரியவளுக்கு அழைப்பு வரவில்லை. ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: இந்தத் தடவை வேற ஒருத்தர் எடுக்கட்டும்னு நினைக்கிறேன் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவள், சரிம்மா என்று பதில் அனுப்பினாள். தப்பாக எடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நாலு மாதம் கழித்து இதழில் பள்ளிக்கூடத்தின் படம் வந்தது. எடுத்தவள் வேறொரு பெண். பெரியவள் கேள்விப்பட்டிராத பெயர். கணவன் வேலைக்குப் போனதும் அவள் இதழை ஜன்னலோரம் வைத்து, உருப்பெருக்கியால் பார்த்தாள். அளவுகோலைச் சுவரோரமாக வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் பார்த்தாள், நிழல் பார்த்தாள். முக்கால் மணி நேரம் தேடியும் ஒரு குறை சிக்கவில்லை. சுவர்கள் மேலே போகப்போக ஒரு நூல், ஒரே ஒரு நூல் ஒடுங்கியிருந்தன. அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தது.

இந்த முறை வயிறு எரிந்தது சின்னவளை நினைத்து அல்ல. சின்னவள் எவளை நம்பிக் கட்டிடத்தைக் கையில் கொடுத்தாளோ, அவளை நினைத்து.

அவள் போனை எடுத்தாள். "படம் பாத்தேன். நல்லா எடுத்திருக்காங்க," என்றாள். இதழை மூடி வைத்த பிறகுதான் அதைச் சொல்ல முடிந்தது.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா அக்கா? அப்ப சரிதான்." சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். "அவங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு. நீங்கன்னா அரை நாள்ல முடிச்சிருப்பீங்க."

அது பாராட்டா, குத்தலா, அல்லது வெறும் உண்மையா என்று பெரியவளுக்குப் பிடிபடவில்லை. "அவங்க எந்த லென்ஸ் போட்டாங்க?" என்று கேட்டாள். சின்னவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். அதன்பிறகு இருவரும் மாமனாரின் மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.